பட்டி அவர்களுக்கு, ரோலர் எங்களுக்கு

மார்கழி பிறந்துவிட்டால் கடலூரில் பெயின்டரைப் பிடிப்பது கஷ்டம். பொங்கலுக்குள் வீட்டை அடித்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஞானம் பிறக்கும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வேலை, முதுநகரில் ஒரு வேலை, நெல்லிக்குப்பத்தில் பாதியில் நிற்கிற வேலை என்று ஒரே மேஸ்திரி மூன்று இடத்தில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்துகொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வருஷத்தில் அவருக்குக் கை நிறையக் காசு பார்க்கிற மாதம் அது.

ஆனால் சுவருக்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை ஊற்றித் தீர்த்திருக்கும். வெளிச்சுவர் குடித்த தண்ணீர் உள்பக்கம் வந்து சேர்வதற்கே கொஞ்ச நாள் ஆகும். அந்த நேரம் பார்த்து உள்ளே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற பெயின்ட்) அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். சித்திரை வெயிலில் அந்த ஈரம் வெளியே வரப் பார்க்கும், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். "கம்பெனி மட்டம்" என்று அப்போது பெயின்டைத் திட்டுவோம்.

அதனால் நாங்கள் மாசி வரை காத்திருந்தோம். தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரி முடிந்த பிறகு மழை இல்லை, பனியும் குறைந்துவிடும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. இன்னொரு லாபம், அந்த நேரத்தில் மேஸ்திரிகள் நாம் கூப்பிட்டால் போனை எடுப்பார்கள்.

எங்கள் வீடு புதுப்பாளையத்தில் இருக்கிறது. மாமனார் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டியது. 850 சதுர அடி: ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, உள்ளேயே மாடிப்படி. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊரைச் சூழ்ந்தபோது எங்கள் தெருவிலும் வாசற்படி வரை தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு ஹாலின் தெருப்பக்கச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம், முன்பே உண்டு. அந்த வருஷம் கூடுதலாக ஏறிவிட்டது.

"நாமே அடிச்சிடலாம்மா, யூடியூப்ல பார்த்தேன், ஈஸி" என்றான் பையன். வீட்டுக்காரர், "கான்ட்ராக்ட் விட்டுட்டு பத்து நாள் பாண்டியில உங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். மாமியாரோ, தன் மாமனாரே தாழை விழுது மட்டையால் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்ததையும், அதற்கு யாரும் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்க்காததையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கணக்குப் பார்க்கிற ஆள். மூன்று பேரை வரவழைத்து ரேட் கேட்டேன்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயின்டர் சொல்கிற சதுர அடி, வீட்டின் சதுர அடி கிடையாது. சுவரும் மேல்தளத்தின் அடிப்பக்கமும் சேர்த்து அளப்பார்கள். பொதுவாக வீட்டின் உள்பரப்பைப் போல மூன்று, மூன்றரை மடங்கு வரும். எங்களுக்கு 2,700 சதுர அடி வந்தது. இது தெரியாமல் "சதுர அடி 28 ரூபாய்தானே" என்று 850-ஆல் பெருக்கி மகிழ்ந்துவிட்டுப் பிறகு பில்லைப் பார்த்துச் சண்டை போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கதவு, ஜன்னலைக் கழிப்பார்களா மாட்டார்களா என்பதையும் அளக்கும்போதே பேசிவிட வேண்டும். பெரும்பாலும் கழிக்க மாட்டார்கள். ஓரங்களில் வேலை கூடுதல் என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. நான் பாதி கழிக்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

வந்த மூவரில் ஒருவர் பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 28 ரூபாய் சொன்னார். இன்னொருவர் கூலி மட்டும் 14. இருவருமே அந்தப் பூத்த சுவரைப் பார்த்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, டேம்ப் ப்ரூஃப் ஒரு கோட் அடிச்சு மேல பட்டி பார்த்துட்டா போதும்" என்றார்கள். (பட்டி என்பது பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்க இழுக்கிற பூச்சு.) மூன்றாமவர் கொஞ்சம் வயதானவர். சுவரை நகத்தால் கீறினார். மணல் உதிர்ந்தது. வெளியே போய்த் தெருவைப் பார்த்தார், திரும்பி வந்து வீட்டுத் தரையைப் பார்த்தார். "இந்தச் சுவரை நான் அடிக்க மாட்டேன்மா. மத்ததை அடிக்கிறேன். இதுக்குக் கொத்தனாரைக் கூப்பிடுங்க" என்றார். அந்த நிமிஷமே வேலை அவருக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் தெருவை ஏன் பார்த்தார் என்பது பிறகுதான் விளங்கியது. கட்டியபோது வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். இப்போது ஒரு படிதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது. (சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். எங்கள் தெருவுக்கு அதற்கு முன்பே போட வேண்டியதெல்லாம் போட்டு முடித்திருந்தார்கள்.) அஸ்திவாரத்துக்கு மேலே ஓதத்தைத் தடுக்கப் போடுகிற டி.பி.சி. பட்டை, தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அதனால் பயனில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்து வருகிறது. கடலோர ஊரில் நிலத்தடி நீரில் உப்புக்குப் பஞ்சமில்லை. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அது படிகமாக விரியும்போது பூச்சையே உதிர்க்கிற பலம் அதற்கு உண்டு. பட்டியும் பெயின்டும் எந்த மூலைக்கு?

யார் அடிப்பது என்ற பேச்சே இதற்குப் பிறகுதான் வர வேண்டும். சுவர் காய்ந்திருக்கிறதா, பழைய பூச்சு பிடிப்போடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்க எந்த நிபுணரும் வேண்டாம்.

ஈரத்துக்கு: ஒரு முழம் அகலப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது சுவரைத் தொட்ட பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அது கடற்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் தீரும்.

பிடிப்புக்கு: பழைய பெயின்டில் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் அந்த இடம் முழுக்கச் சுரண்டியாக வேண்டும். உள்ளங்கையால் தேய்த்து மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர் என்கிற மலிவுப் பூச்சு. அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் எமல்ஷன் பிடித்துக்கொள்வது மாவைத்தான், சுவரை இல்லை. எங்கள் பின் அறையில் மாவு அப்படியே கையோடு வந்தது.

மேலேயும் நிமிர்ந்து பாருங்கள். சீலிங்கில் நேர்க்கோடாக விரிசலும் அதை ஒட்டிப் பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். கடற்கரை ஊர்களில் இது சகஜம். துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றாக இருப்பது போலச் சத்தம் கேட்கும். பட்டியால் அதை மூடி அழகு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தூங்குகிறவர் தலையில் ஒரு நாள் அது விழும். நல்லவேளையாக எங்கள் வீட்டில் பால்கனி அடியில் மட்டும்தான் இருந்தது. அதைக் கொத்தனாரே கம்பியைச் சுத்தம் செய்து சரிப்படுத்தினார்.

ஓதச் சுவரைத் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் தெரியப் பெயர்த்தோம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே போட்டோம். இங்கே பலர் குழாயைப் பிடித்துக் கழுவுகிறார்கள், கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். வெளிப்பக்கம் சுவரை ஒட்டி மழைநீர் தேங்காமல் சரிவு வைத்துச் சிமென்ட் போட்டார். உள்ளே நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூசினார். புதுப் பூச்சு காய 28 நாளாவது விட வேண்டும், அதனால் அந்தச் சுவரை மட்டும் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்கினோம். அது வரை வந்த விருந்தாளிகள் எல்லாரும் அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் காபியைத் தொட்டார்கள்.

இனி பட்டி விஷயம்.

பெயின்டிங் என்றால் ரோலரை உருட்டுவது என்று நம் மனதில் இருக்கிறது. மேஸ்திரியும் அவர் ஆட்களும் வீட்டில் இருந்த நாட்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்கள் ரோலரைத் தொடவே இல்லை. சுரண்டினார்கள், தேய்த்தார்கள், பிரைமர் (மேலே வருவது பிடிக்க முதலில் அடிக்கிற அடிக்கோட்) அடித்தார்கள், பட்டி பார்த்தார்கள், திரும்பத் தேய்த்தார்கள். பட்டித் தகட்டை அவர்கள் பிடிக்கிற கோணமும், மணிக்கட்டு திரும்புகிற வேகமும் சும்மா வரவில்லை. பையன் ஒரு மூலையில் முயற்சி செய்து பார்த்தான். மேஸ்திரி சிரிக்காமல், "தம்பி, நீ போட்டதைத் தேய்க்க எனக்கு ஒரு நாள் ஆவும்" என்றார். உண்மைதான். பட்டி மோசமாகப் போனால் தேய்ப்பு வேலை மூன்று மடங்காகும், அந்தத் தூசி வீட்டை விட்டுப் போக மாதக்கணக்காகும்.

பட்டியில் இரண்டு ரகம். மூட்டையில் பவுடராக வருகிற ஒயிட் சிமென்ட் பட்டி. வாளியில் களிம்பாக வருகிற அக்ரிலிக் பட்டி. அக்ரிலிக்கில் தேய்ப்பது சுலபம், பெயின்டர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் இளகிவிடும். கடலூர், புதுச்சேரி மாதிரி ஊரில் உள்சுவருக்கும் ஒயிட் சிமென்ட் பட்டியே மேல் என்பது என் அபிப்பிராயம். போடுவதற்கு முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். மெல்லிசாக இரண்டு கோட் போட வேண்டும். ஒரே கோட்டில் தடிமனாக அப்பினால் காய்ந்ததும் வெடிக்கும். மேஸ்திரி முதல் கோட்டைக் கீழிருந்து மேலாகவும், இரண்டாவதைக் குறுக்காகவும் இழுத்தார். காய்ந்த பிறகு உப்புத்தாள், முதலில் கொஞ்சம் முரடு, பிறகு நைசு.

பட்டி முடிந்ததும் ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழல் கட்டித் தெரியும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தால் காலையில் அவர்களே சரி செய்துவிடுவார்கள். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். மறுநாள் தானே, "அக்கா, டார்ச் அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போனார்.

தேய்க்கும்போது வேலை செய்கிறவர்களுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலும் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார்கள். அது போதாது. என்95 விலை ஒரு வேளை டிபன் காசுகூட வராது.

பட்டிக்கு மேல் இன்னொரு பிரைமர் வேண்டும். கான்ட்ராக்டில் சத்தமில்லாமல் காணாமல் போவது இந்தக் கோட்தான். பட்டி சுவர் வெள்ளை, பிரைமரும் வெள்ளை, அடித்தார்களா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? பிரைமர் இல்லாத பட்டி முதல் கோட் பெயின்டைக் குடித்துவிடும், மூன்றாவது கோட்டுக்குப் பெயின்ட் வாங்கச் சொல்வார்கள். அதனால் வாய்ப்பேச்சு வேண்டாம். சுரண்டல், பிரைமர், பட்டி இரண்டு கோட், தேய்ப்பு, பிரைமர், பெயின்ட் இரண்டு கோட், தரையில் சிந்தினதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது என்று ஒரு தாளில் எழுதி, பணத்தையும் அந்தந்தக் கட்டம் முடிந்ததும் என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் மேஸ்திரி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கடைசி வரை அவரும் அதைத்தான் காட்டிப் பணம் கேட்டார்.

பொருளை நாங்களே வாங்கினோம். லாரன்ஸ் ரோடு பக்கம் இரண்டு கடை விசாரித்தேன். வீட்டுக்காரர், "பாண்டியில மலிவா இருக்கும்" என்றார். அது ஒரு காலத்துப் பழக்கம். பாண்டியில் வரி குறைவு என்று கடலூர்க்காரர்கள் எதையும் அங்கே போய் வாங்கி வந்த காலம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு போயிற்று. பெயின்டுக்கு முதலில் 28 சதவீதம், 2018 ஜூலை கடைசியிலிருந்து 18 சதவீதம். இரண்டு ஊரிலும் அதேதான். இருபது கிலோமீட்டருக்கு மேல் வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவது வீண். கடைக்குக் கடை தள்ளுபடியில்தான் வித்தியாசம், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சில கம்பெனி வாளிகளில் பெயின்டருக்கென்று, காசாக மாற்றிக்கொள்கிற டோக்கன் இருக்கும். இப்போது போனில் ஸ்கேன் செய்கிற கோடாகவும் வருகிறது. மேஸ்திரி ஒரு ரகத்தையே விடாமல் சிபாரிசு செய்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம். நான் ரகத்தை என் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டு, டோக்கனை அவரிடமே கொடுத்துவிட்டேன். அது அவருக்கென்று வைத்தது.

எவ்வளவு வாங்குவது? டப்பாவில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120, 140 சதுர அடி என்று அச்சடித்திருப்பார்கள். அது வழவழப்பான, உறிஞ்சாத சுவரின் கணக்கு. நம் வீட்டுச் சுவருக்கு 100 என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம். பன்னிரண்டுக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 400. நான்கு லிட்டர் டப்பா ஒன்று சரியாக இருக்கும். கடையில் மெஷினில் கலர் கலந்து தருவதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் மேலே வாங்கிவிடாதீர்கள். ஒரே கலரில் இரண்டு மூன்று டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து பிறகு அடியுங்கள். டப்பாவுக்கு டப்பா துளி வித்தியாசம் இருந்தாலும் சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும். கலரையும் கடை வெளிச்சத்தில் தேர்ந்தெடுக்காமல், சின்ன டப்பா வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, பகலிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். கேட்லாக்கில் சந்தனமாக இருந்தது எங்கள் எல்இடி விளக்கில் பச்சைப்பயறு நிறத்தில் தெரிந்தது, மாற்றிவிட்டோம்.

சீலிங் எல்லாமும், ஹாலும், பட்டி, பிரைமர் எல்லாமும் மேஸ்திரி. இரண்டு படுக்கையறையின் சுவர்களுக்கும் கடைசி இரண்டு கோட் எமல்ஷன் மட்டும் நாங்கள். இப்படித்தான் வேலையைப் பிரித்தோம்.

இதில் எவ்வளவு மிச்சம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நல்ல பட்டிச் சுவரில் இரண்டு கோட் அடிக்க மட்டும் கூலி சதுர அடிக்கு 5 ரூபாய் என்று மேஸ்திரி கழித்துக்கொண்டார். இரண்டு அறைக்கும் 800 சதுர அடி, 4,000 ரூபாய். ரோலர், நீட்டிக் குழாய், பிரஷ், தட்டு, மாஸ்கிங் டேப், தரையில் விரிக்க ஷீட் என்று 1,300 போயிற்று. மிச்சம் 2,700. குடும்பமே சனி, ஞாயிறு தோள் வலிக்க உழைத்ததற்கு அதுதான் கூலி. ஆக, காசு மிச்சம் பிடிக்கத்தான் நீங்களே அடிக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். கூலியின் பெரும் பங்கு பட்டியிலும் தேய்ப்பிலும் இருக்கிறது, அதை நாமே செய்தால்தான் பெரிய தொகை மிஞ்சும், அதைத்தான் நம்மால் சுலபத்தில் செய்ய முடியாது.

எங்களுக்கு வேறு காரணம் இருந்தது. மாமியாருக்கு இழுப்பு உண்டு. எல்லா அறையையும் ஒரே வாரத்தில் காலி செய்ய முடியாது. ஒரு அறையை முடித்து, வாசம் போகக் காற்றாட விட்டு, அவர் கட்டிலை அங்கே மாற்றிய பிறகே அடுத்த அறை. கான்ட்ராக்ட் ஆட்கள் இப்படி இடைவெளி விட்டு வர மாட்டார்கள். வந்தால் அவர்களுக்கு நஷ்டம்.

ரோலர் வேலை உண்மையிலேயே பழகிக்கொள்ளக் கூடியதுதான். மெயினை அணைத்து சுவிட்ச் போர்டு மூடிகளைக் கழற்றினோம். ஃபேனையும் நிறுத்த வேண்டும். வியர்க்கும், பரவாயில்லை. காற்று பட்டால் பெயின்ட் திட்டுத் திட்டாகக் காயும். முதலில் மூலை, ஓரம், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இரண்டு அங்குல பிரஷ்ஷால் ஒரு சாண் அகலத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டும். அது காய்வதற்குள் ரோலர் வந்து சேர வேண்டும், அதனால் ஒருவர் பிரஷ், ஒருவர் ரோலர் என்று ஒரே சுவரில் நிற்பது நல்லது. நானும் பையனும் அப்படித்தான் நின்றோம். ரோலரை நனைத்துத் தட்டில் உருட்டி வழிகிறதை எடுத்துவிட்டு, சுவரில் அகலமாகப் பரப்பி, கடைசியில் அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்து முடிக்க வேண்டும். சுவரின் பாதியில் சாப்பிடப் போகக் கூடாது. ஒரு சுவரைத் தொட்டால் மூலை வரை முடித்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். அடுத்த கோட்டுக்கு நான்கு மணி நேரம். கடற்காற்று ஈரமாக வீசுகிற நாளில் நாங்கள் மறுநாள் காலை வரை விட்டோம். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது டப்பாவிலேயே இருக்கும், அளந்து ஊற்றுங்கள். டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே மெல்லப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கிழிந்து வரும்.

மாடிப்படிச் சுவரை நாங்கள் தொடவில்லை. படிக்கட்டில் ஏணியை எப்படி நிறுத்தினாலும் அது நிற்காது, சாரம் கட்டித்தான் அடிக்க வேண்டும். அங்கே ஆசைப்படாதீர்கள்.

பழைய கதவு, ஜன்னல் கம்பிகளிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் என்ன இருந்தது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாளால் நனைத்துத் தேய்த்து, வழிகிற சேற்றைத் துணியால் துடைத்து அள்ளுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். துரு பிடித்த கம்பிக்குத் துருவை எடுத்த அன்றே ரெட் ஆக்சைடு என்கிற துருத்தடுப்புப் பிரைமரை அடித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் மறுபடி செம்பட்டை படியும்.

பாண்டி முத்தியால்பேட்டையில் என் அக்கா வீட்டுக் கதை வேறு மாதிரி. அது மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) போட்ட பழைய வீடு, சுவர் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. நாங்கள் அடித்ததற்கு முந்தின வருஷம் முழுக் கான்ட்ராக்ட் விட்டிருந்தாள். வந்தவர்கள் சிமென்ட் பட்டி போட்டு, மேலே பளபளக்கிற எமல்ஷன் அடித்துக் கொடுத்தார்கள். கிரகப்பிரவேச வீடு மாதிரி இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் பட்டியும் பெயின்டும் சேர்ந்து பாளம் பாளமாகக் கழன்றன. நம் மேஸ்திரியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்மா. அது வாயை அடைச்சிட்டாங்க" என்றார். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். சிமென்டும் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்டும் அந்த வழியை மூடிவிடும். புதுச்சேரியில் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைச் சீரமைக்கும்போது சுண்ணாம்பைத் திரும்பவும் சுண்ணாம்பாலேயே சரி செய்வதும் இதனால்தான்.

அந்தச் சுவர்களில் இருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த இடங்களைச் சுண்ணாம்பு, மணல் கலவையால் அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தோம். நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, வஜ்ஜிரப் பசை கொஞ்சம், நீலம் துளி சேர்த்து, மெல்லிசாக மூன்று கை. இது முழுக்க நாமே செய்யக் கூடிய வேலை. தகடு வேண்டாம், தேய்ப்பு வேண்டாம். அடிக்கும்போது தண்ணீர் மாதிரி ஒன்றும் தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாக அடித்தால் உதிரும். கண்ணில் மட்டும் தெறிக்கக் கூடாது, சுண்ணாம்பு சுட்டுவிடும். கண்ணாடி கட்டாயம், கைக்கு உறையும் வேண்டும். என் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மட்டை கிடைக்கவில்லை, நார் பிரஷ்தான் என்பதில் மட்டும் அவருக்குக் குறை.

சமையலறை பற்றி ஒரே ஒரு வார்த்தை: எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தூளால் கழுவித் துடைத்துக் காயவிடாமல் அங்கே யார் அடித்தாலும் நிற்காது. குளியலறைப் பக்கம் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, அது செத்த பிறகு அடியுங்கள்.

மிச்சப் பெயின்டைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, மேலே அறையின் பெயர், கலர் நம்பர், வாங்கிய மாதம் எழுதி வைத்திருக்கிறேன். ஆணி அடித்த இடம், நாற்காலி உரசின இடம் என்று தொட்டுவிட அது போதும்.

ஓதச் சுவர் காய்ந்து, பாலித்தீன் சோதனையில் தேறி, பங்குனிக் கடைசியில் பட்டி பார்த்தாயிற்று. அடுத்த மழை போன பிறகு தரையை ஒட்டி ஒரு சாண் அளவில் லேசாகப் பூத்திருக்கிறது. கொத்தனார் முதலிலேயே சொன்னதுதான், தெரு உயரமாக இருக்கிற வரை முழுக்க நிற்காது. அந்த இடத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருக்கிறோம். பாக்கி இருப்பது மாடிப்படிச் சுவர். மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். சாரத்துக்குத் தனி வாடகை கேட்கிறார், நான் கூலியிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன், சதுர அடிக்கு இரண்டு ரூபாயில் பேச்சு நிற்கிறது.